டீ குடித்து முடித்தால் மெனு திறக்கும்

கம்ப்யூட்டர் சர்வீஸ் என்பது, நாம் போய்ப் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் ஒழுங்காக வேலை செய்கிற ஒரு பொருளைப் பழுது பார்க்கும் தொழில்.

ஸ்டார்ட் பட்டனை ஒரு தடவை அழுத்தி, ஒன்றும் நடக்காததால் மறுபடி அழுத்தி, அதற்கும் ஒன்றும் நடக்காததால் கோபத்தில் படபடவென்று அழுத்தித் தள்ளி, பிறகு மெனு திறந்து மூடித் திறந்து மூடி விளையாடுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் அன்பர்களே, நானும் உங்களில் ஒருவன்தான். தூத்துக்குடியில் ஒரு மாடியறைக்கு வெளியே 'அனைத்துவிதக் கம்ப்யூட்டர் கோளாறுகளும் உடனுக்குடன் சரிசெய்யப்படும்' என்று போர்டு வைத்திருக்கிறேன் என்பதற்காக என்னை எதிர்க்கட்சியில் சேர்த்துவிடாதீர்கள். அதில் 'உடனுக்குடன்' என்பது பெயின்டர் தன் இஷ்டத்துக்குச் சேர்த்தது.

எனக்குப் பெரிய வாடிக்கை என்று இருந்தது ஒரே இடம்தான். துறைமுகத்துக்குப் போகிற சாலையில் கஸ்பார் அண்ணாச்சி நடத்தும் கப்பல் ஏஜென்சி ஆபீஸ். யாருடைய சரக்கு எந்தக் கப்பலில் ஏற வேண்டும், அதற்கு என்னென்ன காகிதம் வேண்டும், கண்டெய்னர் எப்போது துறைமுக வாசலைத் தாண்ட வேண்டும் என்பதையெல்லாம் பார்த்துக்கொள்கிற ஆபீஸ். அங்கிருக்கும் கம்ப்யூட்டர்கள் அத்தனைக்கும் வருஷ ஒப்பந்தம் என் பேரில் இருந்தது. அது இருக்கும்வரை ஊரில் நான் எஞ்சினியர். அது போய்விட்டால் மறுநாளே மொபைலுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறவன். இந்த வருஷம் அது கிட்டத்தட்டப் போய்விட்டது.

உப்புக் காற்றின் மேல் பழி

"தம்பி, மெனு தொறக்க மாட்டேங்குது" என்று முதலில் போன் செய்தது ஜெசிந்தா அக்கா. அந்த ஆபீஸிலிருந்து எந்தக் காகிதம் வெளியே போனாலும் அவர் கை பட்டுத்தான் போகும். போய்ப் பார்த்தேன். ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் மெனு வரவில்லை. அக்கா எழுந்துபோய் டீ வாங்கி வந்து, ஆற்றிக் குடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் மெல்லத் திறந்தது. மவுஸின் வலது பக்கத்தை அழுத்தினாலும் அதே கதை. ஒரு ஃபைலைச் சேமிக்கப் போனாலும் அதே கதை. ஆபீஸில் எல்லாக் கம்ப்யூட்டர்களும் இப்படியே மந்தமாகிக் கிடந்தன.

எங்கள் ஊரில் எது பழுதானாலும் முதலில் உப்புக் காற்றின் மேல் பழி போடுவது வழக்கம். அது எதிர்த்துப் பேசாது. நானும் பெட்டியைக் கழற்றி, புளோயரை வைத்து ஊதினேன். உள்ளே இருந்த தூசி முழுக்க என் வெள்ளைச் சட்டையில் குடியேறியது. ஊதிக்கொண்டிருக்கும்போது கஸ்பார் அண்ணாச்சி வந்தார். அவருக்குக் காலையில் ஒரு வழக்கம் உண்டு. மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி கொளுத்துவார். தன் கம்ப்யூட்டரில் ஒரு ஐகானைத் தட்டிவிடுவார். திரையின் ஓரத்தில் ஒரு சின்ன நீலக்கொடி ஆடத் தொடங்கும். அது ஆடி முடிகிறவரை அதைப் பார்த்தபடி டீ குடிப்பார். எத்தனையோ நாளாக அந்தக் கொடியை நான் பார்த்திருக்கிறேன். அதை ஸ்கிரீன் சேவர் என்றே நினைத்திருந்தேன் என்பதிலிருந்து என் தொழில் ஞானத்தை நீங்கள் அளந்துகொள்ளலாம்.

எல்லாவற்றையும் திருப்பி மாட்டி, "இனிமே பறக்கும் பாருங்க" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, அது பறக்கிறதா என்று நின்று பார்க்காமல் கிளம்பினேன். மாடிப்படி இறங்குவதற்குள் போன் வந்தது.

"தூசி நல்லாப் போயிருச்சி தம்பி. போவும்போது மெனுவையும் கூட்டிட்டுப் போயிருச்சோ என்னமோ, இன்னும் காணல."

மெமரி என்னும் சர்வரோக நிவாரணி

தூசி கைவிட்டால் அடுத்து மெமரி. எதற்கும் காரணம் தெரியவில்லை என்றால் "மெமரி பத்தல" என்று சொல்லிவிட வேண்டும். கேட்கிறவர்களுக்கும் அது உடனே புரியும். எல்லாருக்குமே ஏதோ ஒன்று மறந்துபோய்க்கொண்டுதான் இருக்கிறது. நான் புது மெமரி வாங்கிவந்து அத்தனை மெஷினிலும் போட்டேன். போட்டு முடித்துவிட்டு ஜெசிந்தா அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அக்கா ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார். நாங்கள் இருவரும் காத்திருந்தோம். அக்கா கைப்பையிலிருந்து ஜெபமாலையை எடுத்து உருட்டத் தொடங்கியதை நான் கவனிக்காதது போல இருந்தேன்.

அன்று பார்த்து ஒரு கண்டெய்னர் துறைமுக வாசலில் நின்றது. காகிதம் போய்ச் சேர்ந்தால்தான் உள்ளே விடுவார்கள். மெனு திறந்து, சேமிக்கிற பெட்டி திறந்து, அச்சடிக்கிற பெட்டி திறந்து காகிதம் போவதற்குள் வாசலை மூடிவிட்டார்கள். முந்திரிப்பருப்பு ஏற வேண்டிய கப்பல் முந்திரிப்பருப்பு இல்லாமல் போய்விட்டது. கஸ்பார் அண்ணாச்சி சத்தம் போடுகிறவர் இல்லை. அவர் மெதுவாகப் பேசினால்தான் பயப்பட வேண்டும். என்னை உள்ளே கூப்பிட்டு, மிக மெதுவாகச் சொன்னார்.

"அடுத்த மாசம் ஒப்பந்தம் முடியுது தம்பி. அதுக்குள்ள மெனு தொறந்தா ஒனக்குக் கையெழுத்து. தொறக்கலன்னா மதுரையில ஒரு பெரிய கம்பெனிக்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான், அவனுக்குப் போட்டுருதேன். கோவிச்சுக்கக் கூடாது, என்னா?"

மூட மாட்டேன் என்கிற மெனு

அந்த வாரம் திருச்செந்தூரில் ஒரு லாட்ஜிலிருந்து அழைப்பு. வரவேற்பு மேஜைக் கம்ப்யூட்டரில் மெனு தகராறு என்றார் மேனேஜர். அங்கே பாடம் கற்றுக்கொண்டு வந்து ஏஜென்சியில் பெயர் வாங்கிவிடலாம் என்று ஓடினேன். போனால் வியாதி நேர் எதிர். யாரும் தொடாமலே ஸ்டார்ட் மெனு திறக்கிறது. மூடினால் மறுபடி திறக்கிறது. மொட்டை போட்டு வந்த ஒரு குடும்பம் அறைச் சாவிக்காக நிற்க, மேனேஜர் அவர்கள் பெயரை அடிக்க, ஒவ்வொரு எழுத்துக்கும் மெனு எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. தூத்துக்குடியில் திறக்காத மெனுக்கள் எல்லாம் இங்கே வந்துதான் திறந்துகொண்டிருக்கின்றன போல என்று எனக்குத் தோன்றியது.

வைரஸ் என்று தீர்மானித்தேன். மேனேஜரிடம் கொஞ்சம் இங்கிலீஷும் பேசினேன். மத்தியானச் சாப்பாடு வரைக்கும் வைரஸ் தேடினேன். சாப்பிட்டுவிட்டு வந்து கீபோர்டைத் தூக்கியபோது விரலில் மஞ்சளாக ஏதோ ஒட்டியது. கீழ்வரிசையில், ஜன்னல் படம் போட்ட அந்த ஸ்டார்ட் விசையின் மேல் சந்தனம், அதன் மேல் குங்குமம். தினமும் காலையில் புதிதாக வைத்து வைத்து, சந்தனம் உள்ளே இறங்கி இறுகி, விசை அமுங்கியபடியே நின்றுவிட்டது. எல்லாரும் மானிட்டருக்குத்தானே பொட்டு வைப்பார்கள், இதற்கு எதற்கு வைத்தீர்கள் என்று சற்று அதட்டலாகவே கேட்டேன்.

"போன தடவ வந்தப்ப நீங்கதான சார் சொன்னிய, எல்லாமே இந்தப் பட்டன்லதான் ஆரம்பிக்குன்னு."

அழித்து எழுதுதல்

எங்கள் தொழிலில் கடைசி ஆயுதம் ஒன்று உண்டு. மெஷினில் உள்ள எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றுவது. வீட்டில் ஒரு குழாய் ஒழுகுகிறது என்பதற்காக வீட்டையே இடித்துக் கட்டுவது போலத்தான், ஆனால் நாங்கள் அதைத் தயங்காமல் செய்வோம். ஜெசிந்தா அக்காவின் மெஷினை எடுத்து ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து துடைத்து, புதிதாக ஏற்றினேன். சாயங்காலம் பட்டனை அழுத்தினால், சொன்னால் நம்புங்கள், மெனு சட்டென்று திறந்தது. அக்கா ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். மறுபடி அழுத்திப் பார்த்தார். கண்ணில் நீர் வராத குறை. கடைக்கு ஆள் அனுப்பி மக்ரூன் வாங்கிவரச் சொன்னார். தூத்துக்குடியில் ஒருவர் வேலையை மெச்சி மக்ரூன் வாங்கிக் கொடுத்தால் அதற்கு மேல் விருது கிடையாது. நான் ஒன்றுக்கு இரண்டாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போய், ஒப்பந்தம் புதுப்பித்தாயிற்று என்றே சொல்லிவிட்டேன்.

மறுநாள் மக்ரூன் வயிற்றில் கரைவதற்குள் அந்த மெஷின் பழையபடி ஆகிவிட்டது. ஸ்டார்ட் பட்டன், டீ, தம்ளர் கழுவல், மெனு. நான் போனபிறகு யாராவது ஏதாவது செய்தீர்களா என்று விசாரித்தேன். யாரும் ஒன்றும் செய்யவில்லை என்றார்கள். எல்லாக் கப்பல் லைன்களின், அதாவது கப்பல் கம்பெனிகளின், சாஃப்ட்வேரையும் வழக்கம்போல ஏற்றினோம், அதைத்தான் செய்தோம், அது செய்தது ஆகாதே என்றார்கள். எனக்கும் அது செய்தது ஆகாது என்றே பட்டது. இவ்வளவு தெளிவாக விடையைக் கையில் கொடுத்தும் வாங்கிக்கொள்ளாத ஒருவனைப் பற்றித்தான் நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

"நேத்து சாயங்காலம் நல்லாத்தான் இருந்துச்சி தம்பி" என்றார் அக்கா. "அந்த மக்ரூன் மட்டும் சும்மா போச்சேன்னு இருக்கு."

மதுரையிலிருந்து ஒரு நிபுணர்

ஒப்பந்தம் முடியும் முன்னமே மதுரைக் கம்பெனி ஓர் ஆளை அனுப்பிவிட்டது. சும்மா பார்த்துவிட்டுப் போகத்தானாம். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் சக்கரம் வைக்காத குறையாக ஒரு பெரிய பை. நானும் அங்கேயே இருந்தேன். ஏதோ தற்செயலாக வந்தது போல ஒரு வயரைப் பிடித்துக்கொண்டு மூலையில் நின்றேன். அவர் மெஷினைச் சுற்றி வந்தார். பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருந்தார். அக்கா அவருக்கும் டீ கொடுத்தார். மனசுக்குள் எனக்கு ஒரே பதைப்பு. இவர் கண்டுபிடித்துவிட்டால் நான் மொபைலுக்கு ஸ்டிக்கர் ஒட்டத்தான் வேண்டும். கண்டுபிடிக்கக் கூடாது என்று மாதா படத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். என் குலசாமி வேறு, ஆனால் அவசரத்துக்கு யார் அருகில் இருக்கிறார்களோ அவர்களிடம்தானே கேட்க முடியும்.

அவர் பெட்டியைக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்தார். விரலால் தடவி, அந்த விரலை எல்லாருக்கும் காட்டி, கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் தூசி படிந்துவிடுகிறது என்று விளக்கினார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அவர் போனபிறகு அக்கா என் பக்கம் திரும்பினார்.

"ஏன் தம்பி, ஒங்க ரெண்டு பேருக்கும் ஒரே வாத்தியாரா?"

கரண்டு போனால் ஓடும்

காயல்பட்டினத்தில் அக்காவை லாத்தா என்பார்கள்; அங்கே சுலைஹா லாத்தா வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். அவர் கணவர் வளைகுடாவில் கணக்கு வேலை பார்த்து ஓய்வுபெற்று வந்தவர். வரும்போது ஆபீஸ் கொடுத்த லேப்டாப்பும் கூடவே வந்துவிட்டது. பேரப்பிள்ளைகளின் படங்களைப் பார்க்கலாம் என்று திறந்தால் மெனு வரவில்லையாம். நான் போய்ப் பட்டனை அழுத்தினேன். அதே அசையாத திரை. ஏஜென்சியின் வியாதி என்னைத் துரத்திக்கொண்டு வந்திருந்தது. லாத்தா வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்தார். நான் அதைத் தின்றபடி, "மெமரி பத்தல" என்று ஆரம்பித்தேன்.

அப்போது கரண்டு போயிற்று. காற்றாடி நின்றது, வைஃபை பெட்டியின் பச்சை விளக்குகள் அணைந்தன. லேப்டாப் மட்டும் பேட்டரியில் இருந்தது. சும்மா இருக்க மாட்டாமல் பட்டனை அழுத்தினேன். மெனு படக்கென்று திறந்தது. மூடினேன், திறந்தேன், மூடினேன், திறந்தேன். கரண்டு வந்தது. வைஃபை பெட்டி கண் விழித்தது. மெனு மறுபடி மலையேறிவிட்டது. வட்டிலப்பக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு லேப்டாப்பின் உள்ளே தேடினேன். வளைகுடா ஆபீஸின் நெட்வொர்க் சாஃப்ட்வேர் ஒன்று இன்னும் உயிரோடு இருந்தது. மெனு திறக்கும் ஒவ்வொரு தடவையும் அது, "பெரிய கம்ப்யூட்டரே, இருக்கிறீர்களா?" என்று பழைய ஆபீஸின் சர்வரைக் கூப்பிடுகிறது. அங்கே பதில் சொல்ல ஆளில்லை. இது விடாமல் கூப்பிட்டுப் பார்த்து, களைத்துப்போன பிறகுதான் மெனுவைத் திறக்கவிடுகிறது. வைஃபை இல்லை என்றால் கூப்பிட வழியே இல்லாததால் பேசாமல் மெனுவைத் திறந்துவிடுகிறது.

எடுத்துவிடவா என்று அவர் கணவரிடம் கேட்டேன். "எடுத்துருங்க தம்பி, அந்த ஆபீசுக்கு ஒழைச்சது போதும்" என்றார் அவர், ஒரு நொடியும் யோசிக்காமல். எடுத்தேன், லேப்டாப் பறந்தது. நான் என்னமோ பெரிய வித்தை செய்துவிட்டது போல நிமிர்ந்து உட்கார, லாத்தா மீதி வட்டிலப்பத்தை என் பக்கம் தள்ளினார்.

"கரண்டு போனா ஓடுத சாமான இப்பத்தான் பாக்கேன் தம்பி. அடுத்த தடவ ஒங்களத் தேடாம கரண்டு ஆபீசுக்கே போன் போட்டுருதோம்."

வராது என்று சொல்லக் கூடாது

காயல்பட்டினத்திலிருந்து வண்டியை எப்படி ஓட்டி வந்தேன் என்று எனக்கே தெரியாது. நேரே ஏஜென்சிக்குப் போய், ஜெசிந்தா அக்காவின் மெஷினிலிருந்து நெட்வொர்க் கேபிளை உருவினேன். பட்டனை அழுத்தச் சொன்னேன். மெனு திறந்தது. கேபிளைச் செருகினேன். மெனு வரவில்லை. அக்கா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். ஒவ்வொரு கப்பல் லைனின் சாஃப்ட்வேராக நிறுத்திப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசியில் அகப்பட்டது நீலக்கொடி. அண்ணாச்சி காலையில் டீயோடு பார்க்கிற அதே கொடி. அது ஸ்கிரீன் சேவர் இல்லை. ஒரு கப்பல் லைனின் சர்வரைத் தேடிக்கொண்டிருப்பதற்கு அடையாளமாகத்தான் அது ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த லைனின் கப்பல்கள் எங்கள் துறைமுகத்துக்கு வருவதை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. சமீபத்தில் அவர்கள் சர்வரையும் மூடிவிட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்துதான் இந்த ஆபீஸில் மெனு திறக்கவில்லை.

அண்ணாச்சி அறைக்குள் போய், "நீலக்கொடியை எடுத்துட்டா முடிஞ்சது அண்ணாச்சி, அது இனி வராத லைன்தானே" என்று சந்தோஷமாகச் சொன்னேன். வெளியே டைப் அடிக்கிற சத்தம் நின்றது. அக்கா வாசலில் வந்து நின்று, வேண்டாம் என்று எனக்குக் கண்ணைக் காட்டினார். எனக்கு அப்போதுதான் அண்ணாச்சியின் தலைக்கு மேலிருந்த பலகை கண்ணில் பட்டது. அவர் ஏஜென்டாக இருந்த லைன்களின் பெயர்கள் எல்லாம் அதில் வரிசையாக எழுதியிருக்கும். அதில் பாதிக் கப்பல்கள் இப்போது வருவதில்லை. ஆனால் ஒரு பெயரும் அழிக்கப்பட்டதில்லை. இந்த ஏஜென்சியில் 'கடைசிக் கப்பல்' என்று யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். 'போன கப்பல்' என்றுதான் சொல்வார்கள். பலகைக்கு உள்ள சட்டம்தான் கம்ப்யூட்டருக்கும். ஒரு லைனின் சாஃப்ட்வேரை எடுத்தால் அந்தக் கப்பலை வராதே என்று சொன்னது போல. அதனால்தான் நான் துடைத்த மெஷினிலும் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றியிருக்கிறார்கள். அந்தப் பலகையில் முதல் பெயர் நீலக்கொடி. அண்ணாச்சி ஆபீஸ் போட்ட புதிதில், எல்லாரும் பெரிய ஏஜென்டுகளிடம் போனபோது, இவரை நம்பித் தன் கப்பலை ஒப்படைத்த ஒரே லைன்.

"ஏலே, கப்பல் போயிருக்கு. போனது வராதுன்னு சொல்ல நீ யாரு, நான் யாரு?" என்றார் மெதுவாக. "மெனுவும் தொறக்கணும், கொடியும் இருக்கணும். முடியாதுன்னா சொல்லிரு, மதுரைக்காரனுக்குக் கையெழுத்துப் போட்டுருதேன்."

கொடியும் மெனுவும்

ஒப்பந்தம் முடிய நாள் நெருங்கிவிட்டது. வியாதி தெரியும், மருந்தும் தெரியும். மருந்து கொடுத்தால் வைத்தியனை வெளியே அனுப்பிவிடுவார்கள். யோசித்து யோசித்து ஒரு குறுக்கு வழி கண்டேன். ஆபீஸ் முழுக்க நீலக்கொடி சாஃப்ட்வேரில் தேடுகிற பகுதியை மட்டும் உள்ளிருந்து எடுத்துவிட்டு, வெளியே ஐகானை அப்படியே விட்டுவைத்தேன். கொடிப் படம் இருக்கும், தொட்டால் தேடப் போகாது. கொடியும் இருக்கிறது, மெனுவும் திறக்கிறது. இதை அண்ணாச்சியிடமும் ஒளிக்காமல் சொன்னேன். "ஐகான் இருக்குல்லா? அப்பச் சரி" என்றார். ஆபீஸ் முழுக்க மெனுக்கள் சிட்டாய்ப் பறந்தன. வாசலில் நின்ற ஒரு கண்டெய்னர் அன்றே காகிதத்தோடு உள்ளே போனது. இந்தத் தடவை நான் மக்ரூனுக்கு அவசரப்படவில்லை, நின்று பார்த்தேன். ஜெசிந்தா அக்கா கொஞ்ச நேரம் வேலை செய்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இனி டீ குடிக்கத் தனியா நேரம் ஒதுக்கணும் போலுக்கே."

தேடிக்கொண்டாவது கிடந்தது

மறுநாள் காலையிலேயே அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார். கையெழுத்துக்குத்தான் என்று இஸ்திரி போட்ட சட்டையில் போனேன். மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. டீ தொடப்படாமல் ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. ஒப்பந்தம் மேஜையில் இருந்தது, பேனா மூடிபோட்டபடி அதன் மேல் கிடந்தது. அண்ணாச்சி என்னை உட்காரச் சொல்லவில்லை. என் கண்ணெதிரே நீலக்கொடி ஐகானைத் தட்டினார். தட்டிய கையை எடுப்பதற்குள் ஒரு பெட்டி வந்து நின்றது: சர்வர் இல்லை. மூடிவிட்டு மறுபடி தட்டினார். சர்வர் இல்லை. என்னிடம் காட்டுவதற்காகத் தட்டியது போலவும் இல்லை. காலையிலிருந்து தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார் என்று தோன்றியது.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஒரு மெனுவைத் திறக்கவைத்தவன் என்ற பெருமையில் வந்தவனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அந்தக் கப்பல் வராது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? துறைமுகத்தில் எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர். அவர் ஆறிய டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, திரையைப் பார்த்தபடியே பேசினார்.

"முன்ன தேடிக்கிட்டாவது கெடந்துச்சி தம்பி. இப்ப தட்டுன ஒடனேயே இல்லன்னு சொல்லிருது. மத்த மெஷின் எல்லாம் நீ செஞ்சபடியே இருக்கட்டும். என்னோடதுல மட்டும் பழசப் போட்டுரு."

போட்டேன். போட்டு முடித்ததும் தட்டிப் பார்த்தார். திரையின் ஓரத்தில் நீலக்கொடி ஆடத் தொடங்கியது. அவர் சூடாக இன்னொரு டீ கொண்டுவரச் சொன்னார், எனக்கும் சேர்த்து. குடித்து முடிக்கிறவரை இரண்டு பேரும் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொடி நின்றது, அண்ணாச்சி பேனாவைத் திறந்தார்.

கம்ப்யூட்டரை வேகமாக்கித் தந்து ஒப்பந்தம் வாங்கியவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர் இருப்பார்கள்; வேகமாக ஓடிய கம்ப்யூட்டரை மெதுவாக்கித் தந்து வாங்கியவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.